ரெஜினால்டு வாசித்தது மட்டும்

பெரம்பூரில் ரயில்வே காலனிக்குப் பின்னால், ஒரு முனையில் டிரான்ஸ்பார்மரும் மறு முனையில் குடிநீர்த் தொட்டியும் நிற்க, நடுவில் அறுபத்திரண்டு வீடுகளும் ஒரு டீக்கடையும் ஒரு சவுண்ட் சர்வீஸும் ஒரு மாதா கெபியுமாக நீண்டு கிடக்கும் எங்கள் சூசையப்பர் இரண்டாவது தெருவில், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஆறே காலுக்கு, பாட்டிலிருந்து பாடகி போய்விட்டார். அவர் மட்டும் போயிருந்தால் தொண்டை கட்டியிருக்கும் என்று விட்டிருப்போம். கூடவே பாடகர் போனார், வயலின்காரர்கள் கும்பலாகப் போனார்கள், புல்லாங்குழல் போயிற்று, தபேலா போயிற்று, கடைசியில் மிச்சமிருந்தது எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்த, இருக்கிறது என்றே நாங்கள் அறியாத ஒரு சத்தம் மட்டும்: தும், தும், து-தும்.

டீக்கடை நயினா முகமது பாய் முதலில் ஸ்பீக்கர் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினார், ஏனென்றால் பதினாறு வருஷமாக அந்தப் பெட்டிக்கு வந்த எல்லா வியாதிக்கும் அதுதான் வைத்தியம். தட்டியும் பாடகி திரும்பாததால் எதிர்க்கடை தணிகாசலத்தைக் கூப்பிட்டார். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் தணிகாசலம் ஒயரை மாற்றினார், பெட்டியை மாற்றினார், கடைசியில் தன் செல்போனை எடுத்து அதே பாட்டைப் போட்டார், அதிலும் தும், தும், து-தும். டிரான்ஸ்பார்மர் அடியில் பூக்கட்டி விற்கும் வேதவல்லிதான் விஷயத்தின் எல்லையைக் கண்டுபிடித்தாள்.

"இத பாருங்க, தெருமொனையில இந்தக் கல்லத் தாண்டுனா அந்தம்மா பாடுது. இந்தாண்ட வந்தா வாய மூடிக்குது."

நாங்களும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாண்டித் தாண்டிக் குதித்தோம். குதித்தவர்களில் ஒரு தலைமையாசிரியையும் உண்டு, பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். குதித்ததில் இன்னொன்றும் தெரிந்தது: எல்லாப் பாட்டுக்கும் இந்தக் கதி இல்லை. கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டுகள் முழுசாக வந்தன, இப்போது வரும் பாட்டுகளும் முழுசாக வந்தன, நடுவில் ஒரு முப்பது வருஷத்துப் பாட்டுகளில்தான், அதிலும் பாதியில்தான், இப்படி ஆள் இல்லாமல் போயிருந்தது. இது என்ன கணக்கு என்று எட்டு மணி வரை கத்திக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பதினேழாம் நம்பர் வீட்டு ரெஜினால்டு சவரிராயன் பால் பாக்கெட் வாங்க வந்தார்.

அறுபத்தொன்பது வயது, ஒல்லி, யாரிடமும் ஒரு வார்த்தை அதிகம் பேசாதவர். முப்பது வருஷம் தினமும் காலை ஏழரைக்கு நீளமான கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார், சாயங்காலம் தூக்கிக்கொண்டு வருவார். அவர் சர்வேயர் என்றும் பெட்டியில் இருப்பது முக்காலி என்றும் நாங்களே முடிவு கட்டி வைத்திருந்தோம். அவர் டீக்கடை வாசலில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். காது மடல் சிவந்துவிட்டது.

"பாய், இது நான் வாசிச்சது."

"எது சார்?"

"இப்ப கேக்குதே, அதான். பேஸ் கிட்டார். நான் சினிமாவுக்கு வாசிச்சிட்டிருந்தேன்."

தணிகாசலம் நம்பாமல் ஒவ்வொரு பாட்டாகப் போட்டார். முழுசாக வந்த பாட்டுக்கெல்லாம் ரெஜினால்டு தலையை ஆட்டி இல்லை என்றார், தும் தும் என்று வந்த பாட்டுக்கெல்லாம் படத்தின் பெயரையும் ஸ்டுடியோவின் பெயரையும் அன்று மதியம் என்ன சாப்பிட்டார் என்பதையும் சொன்னார். கேசட் அட்டையில் கதாநாயகனின் நாய்க்குப் பெயர் போட்டிருந்த காலத்திலும் பேஸ் வாசித்தவர் பெயரை யாரும் போட்டதில்லை. இப்படியாக, எங்கள் தெருவில் ஒரு மனிதர் இரண்டாயிரம் பாட்டுகளுக்கு அடியில் இருந்திருக்கிறார் என்பது, மேலே இருந்தவர்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஏன் நடந்தது என்று யாரும் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்பதற்கே எங்களுக்குக் காரணம் தெரியாது. முதல் வாரம் கவுன்சிலரிடம் மனு கொடுத்தோம், இது தன் இலாகாவில் வராது என்றார். பங்குத் தந்தை வந்து தீர்த்தம் தெளித்தார், மாரியம்மன் கோயில் பூசாரி வந்து டிரான்ஸ்பார்மருக்கு எலுமிச்சம்பழம் கட்டினார், இரண்டு பேரும் திரும்பிப் போகும்போது காலால் தாளம் போட்டுக்கொண்டே போனார்கள். டிவிக்காரர்கள் கேமராவோடு வந்து ஒரு பகல் முழுக்கப் படம் பிடித்தார்கள், கொண்டுபோய் ஆபீசில் போட்டுப் பார்த்தால் பாடகியும் வயலின்களும் அம்சமாக வர, எங்களைப் பைத்தியக்காரத் தெரு என்று முடிவு செய்து அதோடு விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது மாதம் பழகிவிட்டது. வெங்காயம் நறுக்குகிற கை பேஸுக்கு நறுக்கிற்று, மாடிப்படி ஏறுகிற கால் பேஸுக்கு ஏறிற்று, புருஷன் பெண்டாட்டி சண்டையில்கூட ஒருவர் பேசி முடித்து ஒரு தும் விட்டு மற்றவர் ஆரம்பித்ததால் பாதிச் சண்டை நடுவிலேயே நமுத்துப் போயிற்று. பிறகு ஒரு நாள் வேதவல்லி, கதம்பம் கட்டிக்கொண்டே, காலியாக ஓடுகிற பாட்டைச் சும்மா விட மனசு வராமல், பாடகியின் இடத்தில் தானே பாடினாள். அடுத்த வரியைத் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் பாடினார்கள், வயலின் இடத்தைத் தலைமையாசிரியை லல்லல்லா என்று நிரப்பினார். பங்குனி முடிவதற்குள், திட்டுவதற்குத் தவிர வாய் திறக்காத ஆண்கள் உட்பட தெரு முழுக்கப் பாடகர்கள் ஆகிவிட்டார்கள். கல்யாண ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், பாட்டு அறுந்து பேஸ் மட்டும் ஆனதும் மாப்பிள்ளை வீட்டார் திடுக்கிட்டு நிற்க, இரண்டு பக்கத்து வாசல்களிலிருந்தும் நாங்கள் பாடி அவர்களைத் தொட்டிவரை கொண்டுபோய் விடுவோம். அதற்காகவே சுற்றிக்கொண்டு எங்கள் தெரு வழியாக வந்த கல்யாணங்கள் உண்டு.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டீக்கடையில் சபை கூடும். ரெஜினால்டு வாசித்ததில் எது உசத்தி என்பதுதான் விவாதம். பாய்க்கு 'வெள்ளிக்கிழமை விமானம்' படத்து டூயட். அதில் பேஸ் படிப்படியாக ஏறிக்கொண்டே வரும், உச்சிக்கு வந்ததும் அடிக்க வேண்டிய ஒன்றை அடிக்காமல் விட்டுவிட்டு இறங்கிவிடும். "அந்த விட்ட எடம் இருக்கு பாருங்க, அங்கதான் நான் டீயத் தூக்கி ஆத்துவேன்" என்பார் பாய். வேதவல்லிக்கு 'தபால்காரர் மகள்' தாலாட்டு. நான்கு நிமிஷப் பாட்டு முழுவதற்கும் மூன்றே மூன்று சுரங்கள்தான், அந்த மூன்றும் சுற்றிச் சுற்றி வரும்.

"ஏன் சார், நாலாவது ஒண்ணப் போட்டா கொழந்த முழிச்சிக்குமா?" என்று கேட்டாள்.

"கை அரிச்சுதுமா. கடைசி வரைக்கும் அரிச்சுது. போடல" என்றார் ரெஜினால்டு. அதைவிடக் கஷ்டமான வாசிப்பைத் தான் செய்ததே இல்லை என்றும் சொன்னார்.

தணிகாசலத்துக்கு 'புலிக்குட்டி பங்களா' நடனம்தான் உயிர். படம் நான்கு நாள்கூட ஓடவில்லை. அந்தக் காலத்தில் அறுபது எழுபது பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், ஒருவர் தப்பு விட்டால் எல்லாரும் முதலிலிருந்து. அன்று ரெஜினால்டுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், டிரம்பெட்காரர் பதினொரு தடவை தப்பு விட்டார். "பன்னெண்டாவது தடவைதான் டேப்புல இருக்கு. கடைசியில ஓடுறது தாளமில்ல தணிகா, டிரம்பெட்காரர் மேல எனக்கிருந்த கோவம்" என்றார். அதைக் கேட்ட பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம்.

இந்த நான்கு மாதத்தில் கேட்பதில் எங்கள் எல்லாரையும் தாண்டிப் போனது ரெஜினால்டின் மனைவி ஜெசிந்தாதான். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆபரேட்டராக இருந்த அம்மாள். ஹலோ என்கிற ஒரு சொல்லிலேயே எதிர்முனையில் இருப்பவர் சாப்பிட்டாரா இல்லையா என்று சொல்லிவிடுவார். புருஷன் கிட்டார் வாசிக்கிறார் என்று தெரியும், எந்தச் சத்தம் அவருடையது என்று இதுவரை தெரியாது. சினிமாப் பாட்டில் குரலைத்தானே எல்லாரும் கேட்கிறோம், அவரும் அதைத்தான் கேட்டார். இப்போது குரல் போய்விட, தினமும் டீக்கடை பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்து புருஷனை முதல் தடவையாகக் கேட்டார். இருபது விநாடித் தலைத்தைல விளம்பரம் ஒன்றைக் கேட்டுவிட்டு, "இதுல நீங்க சிரிச்சிட்டே வாசிச்சிருக்கீங்க" என்றார், அது நிஜம்தான். பிறகு ஒரு நாள் எங்கள் எல்லாருக்கும் முன்னால் தீர்ப்புச் சொன்னார்:

"இவர் எப்பவும் ஒரு மயிரிழை லேட்டா வர்றார். சோறு போட்டாச்சுன்னு கூப்பிட்டா வர்ற மாதிரி. வராம இருக்க மாட்டார், ஆனா ரசம் ஊத்துனப்புறம்தான் வருவார். அதுலதான் பாட்டு ஆடுது."

ரெஜினால்டு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அந்த மயிரிழைக்காகத்தான் முப்பது வருஷம் எல்லா இசையமைப்பாளர்களும் அவரைக் கூப்பிட்டார்கள், ஆனால் அது என்னவென்று யாரும் வாயால் சொன்னதில்லை. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது, அதைத் துடைப்பதற்குள் ஜெசிந்தா அடுத்து இப்படிச் சொன்னார்: "இன்னும் என் பாட்டு பாக்கி இருக்கு. 'ஈரக் குடை'. அதத்தான் எல்லாத்துக்கும் மேல வெச்சிருக்கேன்."

'ஈரக் குடை' ரெஜினால்டு வாசித்தது இல்லை.

ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. காலை ஒன்பது மணிக்குக் கால்ஷீட் என்றால் ஒன்பதுக்கு நோட்ஸ் தாளை ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் வைத்துக்கொண்டே வருவார்கள். தாள் வரும்போது நாற்காலி காலியாக இருந்தால் வாசலில் காத்திருக்கும் இன்னொருவர் உட்கார்ந்துகொள்ளலாம், உட்கார்ந்துவிட்டால் அந்தப் பாட்டு அவருடையது, அதைப்பற்றிப் பிறகு யாரும் பேசுவதில்லை, கோபித்துக்கொள்வதும் இல்லை. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் 'ஈரக் குடை' பதிவான அன்று ரெஜினால்டு நாற்பது நிமிஷம் தாமதமாகப் போனார், போனபோது அவருடைய நாற்காலியில் தயாளன் என்கிற நண்பர் இருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ரெஜினால்டு அந்தப் பாட்டு முழுவதையும் கேட்டார், தயாளன் பிரமாதமாக வாசித்தார், அவ்வளவுதான். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் விழாவில், சர்ச் பாடற்குழுவில் மூன்றாவது வரிசையில் நிற்கும் ஜெசிந்தா முதல் தடவையாக அவரோடு பேசினார். 'ஈரக் குடை' பாட்டு மாதிரி ஒன்று வந்ததே இல்லை, உங்களுக்கு அதில் யாரையாவது தெரியுமா என்று கேட்டார். ரெஜினால்டு யோசிப்பதற்குள் அவர் வாய், நான்தான் வாசித்தேன் என்று சொல்லிவிட்டது. ஆறு மாதத்தில் கல்யாணம்.

ஆக, இந்தத் தெருவில் எந்தப் பெட்டியிலாவது 'ஈரக் குடை' ஒலித்தால் அது பாடகரோடும் புல்லாங்குழலோடும் முழுசாக வரும், வந்தால் நாற்பத்தொரு வருஷப் பொய் தெருவில் நிற்கும். ரெஜினால்டு படாத பாடு பட்டார். ஒரு மத்தியானம், தெருமுனையில் வந்த ஆட்டோவின் ரேடியோவில் அந்தப் பாட்டின் மழைச் சத்தம் ஆரம்பிப்பதைக் கேட்டு, பால் பாக்கெட்டோடு குறுக்கே பாய்ந்து, "உள்ள ரோடு தோண்டியிருக்காங்க, சுத்திப் போங்க" என்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார். இறங்க வேண்டியவர் வேதவல்லியின் மருமகன். மூட்டையோடு அரை மைல் நடந்தார். மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் "ஜெசி, அந்த ஈரக் குடை..." என்று ஆரம்பித்ததுமே ஜெசிந்தா கையமர்த்தினார்.

"அவசரப்படுத்தாதீங்க. வஞ்சிரத்துல நடுத்துண்டக் கடைசிக்கு வைக்கிற மாதிரி வெச்சிருக்கேன்."

கடைசியில் பாயிடம் போனார். "பாய், எந்தப் பாட்ட வேணா போடுங்க, ஈரக் குடைய மட்டும் போடாதீங்க."

"ஏன் சார்?"

"அது எங்க கல்யாணப் பாட்டு. கண்ணு பட்டுரும்."

இதைவிடத் தப்பான காரணத்தை அவர் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. பாய் அன்று சாயங்காலமே சபையில் விஷயத்தைச் சொன்னார், சபை ஒரே மனதாக முடிவெடுத்தது: ஜூன் மாதம் பதினான்காம் தேதி சாருக்கும் அம்மாவுக்கும் நாற்பதாவது கல்யாண நாள், தெருவே சேர்ந்து கொண்டாடுவது, கேக் வெட்டும்போது 'ஈரக் குடை' போடுவது, அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது.

பதினான்காம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெரு நடுவில் நாற்காலிகள், மாதா கெபிக்குச் சீரியல் பல்பு, தணிகாசலத்திடம் இருந்த எட்டுப் பெட்டிகளும் வரிசையாக. ரெஜினால்டு கோட்டு போட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவரை அப்படிப் பார்த்து, கூச்சம் என்று நாங்கள் கேலி செய்தோம். ஜெசிந்தா கத்தியை எடுத்தார், தணிகாசலம் பாட்டைப் போட்டார், நாங்கள் பாடகர் இடத்தில் பாட மூச்சு இழுத்துக்கொண்டு காத்திருந்தோம். மழை பெய்தது. மழைக்குள்ளிருந்து புல்லாங்குழல் வந்தது. பிறகு, பங்குனியிலிருந்து ரெஜினால்டு பாட்டென்றாலே நாங்கள்தான் பாட வேண்டும் என்று பழகிப்போயிருந்த தெருவில், அந்தப் பாடகர் தானே வந்து பாடினார்.

"பொட்டி சரியாயிடுச்சு!" என்று பாய் கத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள், சிலர் அழுதார்கள், வேதவல்லி திருஷ்டி கழித்தாள். ஜெசிந்தாவின் கை மட்டும் கேக்கின் பாதியில் நின்றிருந்தது. முதல் சரணம் முடிவதற்குள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னங்க, இது யாரு?"

"பாடுறவரா அம்மா?" என்று தணிகாசலம் கேட்டார்.

"அவரில்ல. அடியில வாசிக்கிறவர். இவர் ஒரு மயிரிழை முன்னாடி வர்றார்."

ரெஜினால்டு எழுந்து நின்றார். "தயாளன்" என்றார். "அன்னிக்கு நான் லேட்டாப் போனேன். அவன் உக்காந்துட்டான். உங்கிட்ட பொய் சொன்னேன் ஜெசி."

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். தணிகாசலம் சரிபார்ப்பதற்காக இன்னொரு பாட்டைப் போட, அதில் பழையபடி தும், தும், து-தும் என்று வந்தபோதுதான் எங்கள் மரமண்டைகளுக்கு விஷயம் புரிந்தது.

நான்கு நாள் தெருவில் யாரும் எதையும் போடவில்லை. பாய் ஆற்றிய டீ ஆறாமலே வந்தது, பூ முழத்துக்கு முழம் அளவு மாறிற்று, நமுத்துப் போயிருந்த சண்டைகள் இரண்டு வீடுகளில் மறுபடி வேகம் பிடித்தன. ரெஜினால்டுக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. வேதவல்லி மட்டும் தைரியமாகப் போய்க் கேட்டாள்.

"பொய்யி எந்த ஆம்பளதான் சொல்லல யக்கா? வுட்டுத் தள்ளு."

"பொய் சொன்னதுக்கில்ல வேதா. இந்த நாலு மாசமும் இவரோட ஒவ்வொரு பாட்டையும் ஈரக் குடைய மனசுல வெச்சுத்தான் அளந்தேன். இது நூறுன்னா அது எண்பதுன்னு. இப்ப எத வெச்சு அளக்கறது?"

ஐந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேராகத் தணிகாசலம் கடைக்கு வந்தார் ஜெசிந்தா, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஈரக் குடை போடுங்க" என்றார். மூன்று தடவை கேட்டார். "சாயங்காலம் நாலு மணிக்கு ஆம்ப்ளிஃபயர் வேணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், நான்கு நாளில் முதல் தடவையாகப் புருஷனிடம் வாய் திறந்தார்: "பெட்டிய எடுங்க."

பதினொரு வருஷமாகத் திறக்காத பெட்டி. நாங்கள் முக்காலி இருப்பதாக நினைத்த பெட்டியிலிருந்து தேன் நிறத்தில் ஒரு கிட்டார் வந்தது. ரெஜினால்டின் விரல் நுனிகள் காய்ப்பு போய் மிருதுவாகிவிட்டிருந்தன, கம்பி பட்டதும் முகம் சுளித்தார். "ஈரக் குடைய வாசிங்க" என்றார் ஜெசிந்தா, "நீங்க எப்படி வாசிச்சிருப்பீங்களோ, அப்படி." மறுக்க அவருக்குத் தெம்பு இல்லை, வாசித்தார். பேஸ் மட்டும் தனியாக ஓடினால் எங்களுக்குத்தான் கை கால் சும்மா இருக்காதே, பாடகர் இடத்தில் வேதவல்லி எடுக்க, வயலின் இடத்தில் தலைமையாசிரியை எடுக்க, மழைக்குப் பாய் தட்டை உரச, அறுபத்திரண்டு வீடுகளும் 'ஈரக் குடை' பாடின. எங்கள் தெரு அவ்வளவு நன்றாக அதற்கு முன்னால் பாடியதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

முடிந்ததும் எல்லாரும் ஜெசிந்தாவைப் பார்த்தோம்.

"தயாளன்தான் நல்லா வாசிச்சிருக்கார்" என்றார்.

எங்களுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் ரெஜினால்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி.

"ஆமா ஜெசி! எந்த எடத்துல சொல்ற?"

"ரெண்டாவது சரணம். அவர் முன்னாடி போய்ப் பாடுறவர இழுத்துட்டுப் போறார். நீங்க நின்னு காத்துட்டிருக்கீங்க. இந்தப் பாட்டுக்குக் காத்திருந்தா ஆகாது."

"அதேதான்! கதவுக்கு வெளியில நின்னு நான் நெனச்சது அதேதான். நாப்பத்தொரு வருஷமா இத யார்கிட்டயும் சொல்ல முடியல." தோற்ற மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு பேர் பேஸ் வாசித்தால் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்த ஒருவர் தன் வீட்டிலேயே கிடைத்துவிட்டார், அதுவும் தனக்கே எதிராகத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு.

"அவர் நம்பர் இருக்கா?" என்றார் ஜெசிந்தா.

இருந்தது. தயாளன் ஓசூரில் மகன் வீட்டில் இருந்தார். ஜெசிந்தா ஸ்பீக்கரில் போட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"வணக்கம் சார், நான் ரெஜினால்டு வீட்டுக்காரி பேசறேன். ஈரக் குடைல நீங்க வாசிச்சத நாப்பத்தொரு வருஷமா இவரோடதுன்னு நெனச்சுப் பாராட்டிட்டேன். அந்தப் பாராட்டெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியது. வாங்கிக்குங்க."

"ஈரக் குடையா? அதுல நானா வாசிச்சேன்?" என்றது தயாளனின் குரல். "ஆமாங்க, ஆமா, ரெஜி நாற்காலி காலியா இருந்துச்சு. எப்பவும் எட்டரைக்கே வந்து உக்காந்திருக்கிற ஆளு. ஏன் வரலன்னு அன்னிக்கு நாங்க கேக்கல, கேக்கற வழக்கமில்ல. இப்ப கேக்கறேன், ஏன் வரல?"

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தார். ரெஜினால்டு கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டேரி பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருந்தேன்" என்றார். "எதிர்ப்பக்கம். நீ எக்ஸ்சேஞ்சுக்குப் போறப்ப தினமும் நிப்பேன், நீ பஸ் ஏறினதும் ஸ்டுடியோவுக்கு ஓடிருவேன். அன்னிக்கு உன் பஸ் வரவேயில்ல."

"கால்ஷீட் போயிரும்னு தெரியாதா?"

"எட்டரைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் போகல?"

"நீ இன்னும் பஸ் ஏறலையே."

"நான் உங்களப் பாத்தேனா?"

"இல்ல. டிபன் பாக்ஸத் திறக்கறதும் மூடறதுமா இருந்தே. அப்புறம் ஏறிட்டே."

பாய் அடுப்பைக்கூட அணைத்துவிட்டு நின்றார். "ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்று ஓசூரிலிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா முந்தானையால் இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, எக்ஸ்சேஞ்சில் பேசும் அதே பிசிறில்லாத குரலில் பதில் சொன்னார்.

"இருக்கேன் சார். அன்னிக்கு இவருக்கு வேற ஒரு கால்ஷீட் இருந்துச்சு. என்னோட. அது இன்னும் முடியல."

போனை வைத்துவிட்டு, ரெஜினால்டுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.